மீட்டுப் படிக்காத செய்யுள்

எனக்குப் பள்ளிப்படிப்பு நான்காம் வகுப்போடு முடிந்தது. பின்பு கற்றதெல்லாம் இரவல் நூல்களிலிருந்து நானே கற்றவை. அவ்வாறிருந்தும், உலகப் போருக்குச் சற்று முந்திய ஆண்டுகளில், எங்கள் தீவூராகிய இறுப்பிட்டியிலே கோயிலில் புராணம் படிக்குங் காலத்துப் பயன் சொல்லும் ஆசனம் எனக்குக் கிடைத்தது. ஒருவர் செய்யுளை இராகத்தோடு படிப்பார். அருகிலிருப்பவர் அதன் பொருளை விரித்துரைப்பார்; அதுவே பயன். செய்யுள் படித்தவர் என் நண்பர். ஊரில் எனக்கிருந்த மதிப்பு முழுவதும் அந்த ஆசனத்தால் வந்ததே.

அச்சம் என்னை முதலிற் பற்றியதும் அங்கேதான். ஒருநாள் காரணமேதுமின்றி நெஞ்சு அடித்துக்கொண்டது; வாய் உலர்ந்தது; அந்தக் கணமே இறந்துவிடுவேன் என்று நம்பினேன். அது அடிக்கடி வரலாயிற்று. ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்குத் தோணியேறிச் சென்று காட்டினேன். அங்கு வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி நெஞ்சிற் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, "இருதயத்தில ஒரு பழுதுமில்லை. இது பயம். வரேக்க அதோட மல்லுக்கட்டாதையும், கொஞ்சம் பொறுத்தால் தானாப் போகும்," என்றார். நான் பொறுக்கலாம், சபை பொறுக்குமா?

நண்பருக்கு மாத்திரம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பயம் வந்தால் நீர் உம்மட சால்வையை ஒருக்கா இழுத்துவிடும். உமக்கு மூச்சு வருமட்டும் நான் கடைசி அடியைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறன்," என்றார்.

இரண்டு ஆண்டுகள் அப்படியே செய்தார். நான் சால்வையை இழுப்பேன். அவர் ஈற்றடியை இழைத்து இழைத்துப் பாடுவார். மூன்றாம் முறையளவில் எனக்குச் சொல் பிறக்கும். "என்ன குரலடாப்பா!" என்று சபையார் உருகுவர். அவருடைய புகழில் ஒரு பங்கு என் நடுக்கத்தால் விளைந்தது என்பதை எங்கள் இருவரையன்றி ஒருவரும் அறியார் என்றே எண்ணியிருந்தேன்.

மூன்றாம் ஆண்டு, புராணம் படித்து முடியும் பூர்த்தி நாளில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பண்டிதர் வந்திருந்தார். அவர் ஒப்பினால் ஆசனம் எனக்கே நிலையாகும் என்று கோயில் முகாமையாளர் சொல்லியிருந்தார். நாலாவது செய்யுளில் அந்த அச்சம் வந்தது. சால்வையை இழுத்தேன். நண்பர் வாளாவிருந்தார். மறுபடியும் இழுத்தேன். அவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்து, என் முகத்தைப் பார்த்துப் புன்னகைத்து, "சொல்லும்," என்றார்.

என் நா அசையவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர், "என்ன அண்ணை, பயன் இன்னும் தோணியேறேல்லையோ?" என்றார். சபை சிரித்தது. நான் எழுந்து வெளியேறினேன். மிகுதிக்குப் பண்டிதரே பயன் சொன்னாராம்.

மறுநாட் காலை நண்பர் என் தோட்டத்துக்கு வந்தார்.

"உம்மட நன்மைக்குத்தான் செய்தனான். எத்தினை நாளைக்கு என்ர தோளைப் பிடிச்சுக்கொண்டு நடப்பீர்? ஒருக்காத் தள்ளிவிட்டால் பயம் விட்டுப்போகும் எண்டு நினைச்சனான்."

"என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டால் ஓமெண்டிருப்பீரோ?"

மாட்டேனென்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அது நான் சொல்லவேண்டிய மறுப்பு.

"இது வேற ஆருக்குத் தெரியும்?"

"முகாமையாளருக்குச் சொன்னனான்." அவர் மண்ணைப் பார்த்தார். "உம்மட மனிசியையும் கேட்டுத்தான் செய்தனான்."

என் மனைவியிடம் இதுபற்றி நான் ஒருபோதும் வாய் திறந்ததில்லை. மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அவர்களெல்லாம் கூடி என்னை விற்றுவிட்டதாகவே வழிநெடுக எண்ணினேன். கேட்கவேண்டியதை ஒழுங்குபடுத்திக்கொண்டு குசினிக்குள் நுழைந்தேன். அவள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, எனக்கு முந்திக்கொண்டாள்.

"ரண்டு வரியமா அவருக்குத் தெரியும். எனக்கு நீங்கள் சொல்லேல்லை. பிறத்தி மனிசர் வந்து சொல்லித்தானே நான் அறியவேண்டிக் கிடந்தது? அவர் கேட்ட நேரம் எனக்கு என்ன சொல்லுறதெண்டே தெரியேல்லை. தெரிஞ்சவள் மாதிரித் தலையாட்டினனான்."

நான் ஒழுங்குபடுத்திய கேள்விகள் ஒன்றும் பின்பு பயன்படவில்லை.

அந்த ஆசனம் வேறொருவருக்குப் போயிற்று. நண்பரை மன்னிக்க இன்றளவும் என்னால் இயலவில்லை. மனைவிக்கு அன்று என் அச்சத்தை முதலிலிருந்து நான் சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிவிட்டது.