முகம் தெரிந்த கடைசி இதழ்

எனக்குச் சந்தேகப் புத்தி. அதை நான் மறைப்பதில்லை. கடையில் ஒருவர் காரணமில்லாமல் சிரித்தால் வீட்டுக்கு வந்தும் அதையே யோசிப்பேன். "உமக்கு உம்மட நிழலிலயும் சந்தேகம்" என்பார் என் கணவர். ஆனால் கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் எங்கள் கீழ்வீட்டில் இருக்கும் சிலி நாட்டுக் கிழவர் என்னையும் வென்றவர். நாங்கள் குடிவந்த அன்று, கட்டில்கூட மேலே ஏறியிருக்கவில்லை, ஊரில் எந்தக் கட்சி என்று கேட்டார். ஒரு கட்சியும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

வெகுகாலம் கண்டால் வெறும் பொன்ஜூர் வணக்கம்தான். பிறகு எங்கள் குளியலறைக் குழாய் வெடித்து, தண்ணீர் அவருடைய பேஸ்மென்ட் வரை இறங்கியது. வாளியும் துணியுமாக நானும் கணவரும் ஓடினோம். அங்கே கட்டுக் கட்டாகப் பழைய ஸ்பானியப் பத்திரிகைகள் நனைந்து கிடந்தன. கிழவர் அவற்றைப் பார்த்தபடி படியில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய மனைவி, அந்த அம்மா, தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பத்திரிகைகளை மேலே கொண்டுவந்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, பால்கனிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவிட்டேன்.

அப்போதுதான் கவனித்தேன். ஊர்வலம், மண்டபக் கூட்டம், பனியில் கொடி பிடித்து நிற்கும் ஆட்கள். எந்தப் படத்திலும் ஒரு முகமில்லை. எல்லாம் முதுகுகள்.

"இதென்ன, எல்லாரும் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு நிக்கினம்?" என்றார் கணவர்.

"ஊரில சொந்தக்காரர் இருந்திருப்பினம். வேற என்ன?"

எனக்கு அது உடனே விளங்கியது. இதே நகரத்துத் தெருக்களில், எங்கள் ஊர்வலங்களில், பதாகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நடந்தவள் நான். அப்போது என் அண்ணை ஊரில், இலங்கையில் இருந்தார்.

கீழே போய் அதைச் சொன்ன பிறகுதான் கிழவர் வாய் திறந்தார். எங்கள் பேச்சு முழுக்க அரைகுறைப் பிரெஞ்சில். இங்கே என் தமிழில் தருகிறேன். ராணுவ ஆட்சிக்குத் தப்பி வந்த சிலர் சேர்ந்து நடத்திய அரசியல் பத்திரிகை அது. எழுதியவர் இவர், புனைபெயரில். படங்களைத் தெரிந்தெடுத்தவர் இவருடைய உயிர் நண்பர். அவற்றைப் பக்கத்தில் ஒட்டுவது அந்த அம்மாவின் வேலை. கமெராக்காரர் கூட்டத்துக்குப் பின்னால்தான் நிற்கவேண்டும் என்பது கட்டளை, ஏனென்றால் பத்திரிகை ரகசியமாகச் சிலிக்கும் போனது. கடைசி இதழில் மட்டும் முகங்களோடு ஒரு படம் வந்துவிட்டது. நடுவில் இவர், பக்கத்தில் அந்த நண்பர். அச்சாகித் தபாலிலும் போன பிறகுதான் கண்டார். கொஞ்ச நாளில் அந்த முகத்தை வைத்து ஊரில் இவருடைய தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தம்பி திரும்பி வரவில்லை.

"போட்டவன் அவன்தான். துரோகி."

தான் இல்லையென்று நண்பர் சத்தியம் செய்தாராம். பத்திரிகை அதோடு நின்றது, சிநேகிதமும் நின்றது. இப்போது அந்த நண்பர் இதே நகரில், அஹுன்ட்சிக்கில் சாகக் கிடந்தார். ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லி அவருடைய மகள் திரும்பத் திரும்பப் போன் எடுத்தாள்.

"போகமாட்டன்," என்றார் கிழவர்.

மேலே வந்து பால்கனிக் கொடியில் அந்தப் படத்தைத் தேடிப் பிடித்தேன். படத்தில் யார் இருக்கிறார்கள் என்று மற்றவர்கள் பார்ப்பார்கள். யார் இல்லை என்று பார்ப்பது என் புத்தி. நண்பர் கிழவரின் தோளில் கை போட்டபடி நிற்கிறார். தன் முகத்தையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்கும் துரோகி எங்கே இருக்கிறான்? கமெராவைக் கண்டால் திரும்பி நிற்கப் பழகிய அத்தனை பேரும் நேரே பார்த்துச் சிரிக்கிறார்கள். எடுத்தவர் அவர்கள் கண்டு பயப்படாத ஆள். அந்த அம்மாவைப் படத்தில் காணவில்லை.

காய்ந்ததை எடுக்க அந்த அம்மா மேலே வந்தபோது கேட்டேன்: "அந்தப் படத்தை எடுத்து ஒட்டினது நீங்கள்தானே?"

அந்த அம்மா கையிலிருந்த கிளிப்பைக் கீழே வைத்தார்.

"ஊரில மாமி, இவரின்ர தாய், கடிதத்துக்குக் கடிதம் கேட்டவ, என்ர பிள்ளை உயிரோட இருக்கிறானா, எனக்குப் பொய் சொல்லுறியளா எண்டு. நாங்கள் அனுப்பின படமெல்லாத்தையும் வழியில ராணுவக்காரர் எடுத்துப்போட்டாங்கள். பேப்பர் மட்டும்தான் போய்ச் சேர்ந்தது. ஒருக்கா முகத்தைப் பாக்கட்டும் எண்டு நினைச்சன்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவருக்குச் சொல்லிப்போடாதையும்."

நான் சொல்லவில்லை. யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்பது ஒன்றில்தான் எனக்கு என்மேல் சந்தேகமே இல்லை.

மறுநாள் மீதிக் கட்டுகளோடு கீழே போனேன். அந்த அம்மா பால் வாங்கத் தெருமுனை டெப்பனர் கடைக்குப் போயிருந்தார். கிழவர் கதவைச் சாத்தினார்.

"படத்தைக் கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டனீர். கீழ பின்வளவுத் தோட்டத்தில நிண்டு கண்டனான்."

நான் கட்டுகளைத் தரையில் இறக்கி வைத்தேன்.

"இவள்தான் ஒட்டினவள் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். தம்பி போயிட்டான், ஆரையாவது குற்றம் சொல்லவேணும். இவளைச் சொன்னால் இவள் செத்திருப்பாள். அவன் தாங்குவான் எண்டு நினைச்சன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "சாகமுன்னமாவது போய் அந்த மனிசனிட்ட மன்னிப்புக் கேளுங்கோ!" என்று சத்தம் போட்டேன்.

"கேட்டால் ஏனெண்டு இவள் கேப்பாள்," என்று ஜன்னல் சீலையை இழுத்து மூடினார்.

அந்தக் கிழமை முடியுமுன்பே நண்பர் செத்துப்போனார். இருவரையும் நான்தான் காரில் தேவாலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கிழவர் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்தார். அந்த அம்மா பெட்டியருகே போய்க் குழறி அழுதார், வீட்டில் துரோகி என்று சொல்லப்பட்ட மனிதருக்காக. கிழவர் எழுந்து போய், ஏன் அழுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல், பக்கத்தில் நின்று முதுகைத் தடவிக்கொடுத்தார். சற்று நேரத்தில் அழுகை சட்டென்று நின்றது. அவர் ஏன் கேட்கவில்லை என்று யோசித்திருக்க வேண்டும். அவருக்குத் தெரியும் என்று விளங்கியிருக்க வேண்டும். அந்த அம்மா மெல்லத் திரும்பி, சொல்லிப்போட்டீரா என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

நான் சொல்லவில்லை என்று சொல்லலாம். சொன்னால், அவருக்குத் தொடக்கத்திலிருந்தே தெரியும் என்பதையும், தெரிந்துகொண்டுதான் நண்பரைப் பலி கொடுத்தார் என்பதையும் சொல்லவேண்டி வரும். எனக்கு வாய் வரவில்லை. இப்போது படியில் என்னைக் கண்டால் அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். பின்னால் கிழவர் வருவார். எல்லாம் தெரிந்தும் அவரும் ஒன்றும் சொல்வதில்லை. நான் தாங்குவேன் என்று நினைக்கிறார் போல.