‘புதியது’ என்று மின்னிய நட்சத்திரம்

இணையப் பக்கத்திலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிடச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை என்று நான் தொலைபேசியில் சொன்னது பொய். விழுப்புரத்தில் திருமணத் தகவல் மையம் நடத்திய அம்மாள் பலமுறை சொல்லியிருந்தார். நான்தான் எடுக்கவில்லை. அதனால் ஒலக்கூர்ப் பெண் ஒருத்தியின் கல்யாணம் நின்றது.

கல்லூரியில் கணிதம் நடத்திய வேலையை விட்டுவிட்டு, திண்டிவனம் பேருந்து நிலையத்தின் அருகே கணினி மையம் வைத்தவன் நான். முதலில் கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி. இரண்டாயிரத்துக்குப் பிறகு இணையதளம். அரிசி மண்டிக்கு ஒன்று, ஜவுளிக்கடைக்கு ஒன்று. யார் பார்ப்பார்கள் என்று எந்த முதலாளியும் கேட்டதில்லை. தன் படத்தைப் பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் பெருசா வெய்யிங்க சார்” என்பார். வைப்பேன்.

எந்த மென்பொருளில் பக்கத்தை வடிவமைப்பது என்பதைக் கணினி மையக்காரர்களான நாங்கள் எப்படி முடிவு செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்னைக்குப் போனவர் எந்தக் குறுந்தகட்டை வாங்கி வந்தாரோ, அதில் எது தகராறு செய்யாமல் கணினியில் ஏறியதோ, அதுதான் உலகத்திலேயே சிறந்த மென்பொருள். விழுப்புரத்துக்காரர்கள் ஒன்றைத் தூக்கிப் பிடிப்பார்கள். திண்டிவனத்துக்காரர்களான நாங்கள் அதைக் கேவலமாகப் பேசுவோம். அவர்களுக்கும் அது திருட்டுத் தகடுதான், எங்களுக்கும் அது திருட்டுத் தகடுதான். டீக்கடையில் மணிக்கணக்காக நடந்த அந்த வாதத்தில், நாளைக்குப் பக்கத்தில் ஏதாவது மாறினால் யார் மாற்றுவது என்று ஒருவரும் கேட்டதில்லை.

நான் போட்டோஷாப் கட்சி. பத்திரிகை அடித்துப் பழகிய கை. இணையப் பக்கத்தையும் பத்திரிகை மாதிரியே மொத்தமாக ஒரு படமாக வரைந்து, துண்டு துண்டாக வெட்டி ஏற்றிவிடுவேன். தமிழ் எழுத்தும் படம்தான். என் எழுத்துரு மற்றவர் கணினியில் இருக்காது, கட்டம் கட்டமாகத் தெரியும் என்பது நான் சொன்ன காரணம். அது பொய்யில்லை. ஆனால் எந்தக் கணினியிலும் தமிழ் தெரியும்படி யூனிகோடு என்கிற ஒருங்குறி வந்து, வலைப்பதிவு எழுதுகிறவர்கள் எல்லாம் தமிழைத் தமிழாகவே ஏற்றிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். உண்மையான காரணம் வேறு. எல்லாம் படமாக இருந்தால், ஒரு புள்ளியை மாற்றவும் என்னிடம்தான் வந்தாக வேண்டும்.

அந்த அம்மாளின் மையத்துக்கு நான் செய்துகொடுத்த பக்கத்தை இப்போது நினைத்தால் குமட்டுகிறது. நான்கு மூலையிலும் ரோஜா. மேலே சுழலும் குத்துவிளக்கு. திறந்தவுடன் நாதஸ்வரம் அலறும். கீழே வரிசையாகப் பெண்களின் படங்கள், நட்சத்திரம், படிப்பு, ‘மணமகன் தேவை’. முதல் படத்தின் ஓரத்தில் ‘புதியது’ என்று ஒரு மஞ்சள் நட்சத்திரம் மின்னிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் இருந்தது ஒலக்கூர்ப் பெண். தனியார் பள்ளி ஆசிரியை. அவள் புதிதாக வந்தவள் இல்லை, படம் தெளிவாக இருந்ததால் முதலில் வைத்தேன். நட்சத்திரம் அங்கே எடுப்பாக இருந்ததால் அங்கே வைத்தேன். பக்கத்தின் அடியில் ‘வடிவமைப்பு’ என்று போட்டு என் மையத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும்.

ஒருநாள் அந்த அம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். “சார், எங்க தம்பி பாண்டிச்சேரியில கேட்டுக்கினு வந்தான். வேற ஒரு சாப்ட்வேர் இருக்குதாமே? அதுல செஞ்சா, பொண்ணு போட்டோவை நாங்களே போடலாம், நாங்களே எடுக்கலாமாம்.”

“அது விளையாட்டுச் சாமான்மா. அதுல டிசைனே வராது. ரேஷன் கார்டு மாதிரி இருக்கும்” என்றேன். அந்த மென்பொருளை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை.

அடுத்த வாரமே தொலைபேசியில் கூப்பிட்டார். “சார், ஒலக்கூர் பொண்ணுக்கு நிச்சயம் ஆயிடுச்சி. மாப்பிள்ளை வானூர். போட்டோவை ஜல்தியா எடுத்துடுங்க.”

நாளைக்கு என்றேன். மறுபடி கூப்பிட்டபோதும் நாளைக்கு என்றேன். பக்கம் மொத்தத்தையும் ஒரே படமாக ஒட்டிச் சேமித்துவிட்டதால், ஒரு பெண்ணை எடுத்தால் மொத்த வரிசையையும் மறுபடி அடுக்க வேண்டும். சரி, ஒரு வெள்ளைக் கட்டத்தைப் போட்டு மறைத்திருக்கலாமே? அழகு கெடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தம்பி பேச்சைக் கேட்டாய் அல்லவா, என் அருமை தெரியட்டும் என்பதுதான் மனதில் இருந்தது. அவ்வளவு படித்தவனுக்கு இவ்வளவு சின்ன புத்தி.

பெண்ணின் படம் மின்னிக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் பாண்டிச்சேரியில் ஒரு பிரவுசிங் சென்டரில் அதைப் பார்த்துவிட்டு, பக்கத்தின் அடியில் இருந்த எண்ணுக்குப் பேசினார்.

“இந்தப் பொண்ணுக்கும் எங்க பையனுக்கும் போன மாசமே நிச்சயம் ஆயிடுச்சிங்க. இங்க என்னான்னா புதியதுன்னு மின்னிக்கினு இருக்குது. எடுக்கச் சொல்லி யாரும் உங்களாண்ட சொல்லலையா?”

“யாரும் சொல்லலைங்களே” என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

“அப்ப பொண்ணு வீட்டுல இன்னும் பெரிய எடமா தேடிக்கினு இருக்காங்க. சரி, போனை வெய்யிங்க.”

மறுநாள் காலை அந்த அம்மாள் விழுப்புரத்திலிருந்து பேருந்து பிடித்து வந்து என் கடை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. “கல்யாணம் நின்னுபோச்சி. எத்தினி வாட்டி சொன்னேன் சார்? சொல்லவே இல்லன்னு சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்துது? இனிமே யாரு சார் என்னை நம்பி பொண்ணு போட்டோ குடுப்பாங்க?”

கணினியில் கோளாறு என்று ஏதோ உளறினேன். அவர் போன பிறகு படத்தை எடுத்தேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

வானூருக்குப் போக எனக்குச் சில வாரங்கள் ஆயின. தாய்மாமனிடம், படத்தை எடுக்கச் சொல்லி மையத்து அம்மாள் சொன்னார், எடுக்காதது நான், பொய் சொன்னதும் நான் என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “வேற எடத்துல பேசி முடிச்சிட்டோம் சார். இப்ப வந்து சொல்றீங்க பாருங்க! மோர் குடிக்கிறீங்களா?” அந்த மோரைக் குடித்தது எனக்குத் தண்டனை மாதிரி இருந்தது.

அங்கிருந்து ஒலக்கூர். பெண் வீட்டில் வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, காயப் போட்டிருந்தார்கள். அவளுடைய அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அவள் மட்டும் நின்று முழுவதையும் கேட்டாள்.

“அந்த நட்சத்திரம் எதுக்கு சார் வெச்சீங்க?”

“அழகுக்கும்மா.”

“ஸ்கூல்ல பிள்ளைங்ககூட மிஸ் புதியதுன்னு சொல்லிக்கினு திரிஞ்சாங்க” என்றாள். பிறகு, “என் போட்டோ உங்க கம்ப்யூட்டர்ல இன்னும் இருக்குதா? அதை அழிச்சிடுங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்.” கடைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அழித்தேன். அதற்குப் பிறகு அவளைப் பற்றி விசாரிக்க எனக்கு முகமில்லை.

விழுப்புரத்து அம்மாளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. அவர் தம்பி சொன்ன அதே மென்பொருளை உட்கார்ந்து கற்றுக்கொண்டு, பக்கத்தைப் புதிதாகக் கட்டினேன். எழுத்து எழுத்தாகவே இருந்தது. ரோஜா இல்லை, நாதஸ்வரம் இல்லை. ரேஷன் கார்டு மாதிரி இல்லை, சுத்தமாகவே இருந்தது. வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். காசு வாங்கமாட்டேன் என்று தம்பியிடம் சொல்லி அனுப்பிய பிறகு ஒத்துக்கொண்டார். நேரில் போய், ஒரு படத்தை எப்படி ஏற்றுவது, ஒரு வரியை எப்படி அழிப்பது என்று காட்டிக் கொடுத்தேன். கடவுச்சொல்லையும் அவரையே மாற்றிக்கொள்ளச் சொன்னேன். ஒரு கேள்வியும் கேட்காமல் கவனித்துக்கொண்டார்.

அன்று மாலை திண்டிவனம் திரும்பி, பக்கம் சரியாகத் தெரிகிறதா என்று திறந்து பார்த்தேன். பெண்களின் விவரங்கள் எல்லாம் நான் வைத்தபடியே இருந்தன. பக்கத்தின் அடியில் ‘வடிவமைப்பு’ என்று என் மையத்தின் பெயரோடு நான் மறுபடி போட்டிருந்த வரியை மட்டும் காணவில்லை. அவர் முதன்முதலாகத் தன் கையால் அழித்தது அதைத்தான்.