அன்புக்கரசி பார்க்கும் வேலை

ஓடும் பெல்ட்டின் ஓரமாக நடந்துகொண்டே, எந்த ரோலர் இன்னும் நான்கு நாளில் சிக்கிக்கொள்ளும் என்று அன்புக்கரசி சொல்லிவிடுவாள். எல்லாம் காதுதான். நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து பழுப்பு நிலக்கரியைச் சுமந்து வரும் அந்தப் பெல்ட் கிலோமீட்டர் கணக்கில் நீளம். அதைத் தாங்கி உருளும் இரும்பு ரோலர்களில் ஏதாவது ஒன்றில் பேரிங் தேய ஆரம்பித்தால் முதலில் மெல்லிய கீச்சொலி வரும். பிறகு உள்ளே யாரோ மணலை மெல்லுகிற மாதிரி ஒரு சத்தம். அப்போதும் விட்டுவிட்டால் ரோலர் நின்றுபோகும், பெல்ட் அதன்மேல் உரசிச் சூடேறும், கீழே சிந்திக் கிடக்கும் கரித்தூள் புகைய ஆரம்பிக்கும்.

"அந்தக் கம்பத்தாண்ட ஒண்ணு கத்துது பாரு" என்பாள் அன்புக்கரசி. கூட வேலை பார்க்கும் பாயிஜா சாக்பீஸால் குறி போடுவாள். பெல்ட்டை நிறுத்தும் நேரம் வந்ததும் ஸ்பானர், கடப்பாரையோடு போய்ப் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவார்கள். ஒரு ரோலரைத் தூக்க இரண்டு பெண்கள் வேண்டும்.

இவ்வளவு செய்தும் அவளுடைய கேட் பாஸில் எழுதியிருந்த வேலை துப்புரவு. சம்பளச் சீட்டில் 'அன்ஸ்கில்டு'. எந்தத் திறமையும் வேண்டாத வேலை என்று அர்த்தம்.

அன்புக்கரசிக்கு நாற்பத்து மூன்று வயது. பிறந்தது காடாம்புலியூரில். கல்யாணத்துக்கு முன்பு முந்திரிக் கொட்டை உடைத்தவள். வாக்கப்பட்டு வந்தது மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டுக்கு. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு யார் யாரையோ பிடித்து கேட் பாஸ் வாங்கி, விளக்குமாறும் மண்வெட்டியுமாகச் சுரங்கத்துக்குள் போனாள். அன்றிலிருந்து ஐந்து காண்ட்ராக்டர்கள் மாறிவிட்டார்கள். ஆட்கள் மாறவில்லை. ஒவ்வொரு முறையும் அதே பெண்கள் அதே பெல்ட்டடியில் புதிதாகச் சேர்ந்தவர்களாகக் கையெழுத்துப் போடுவார்கள்.

அவர்களில் கடைசியாக வந்த காண்ட்ராக்டர், ரோலர் மாற்றுவதற்குப் பழகிய ஃபிட்டர்களைக் கொண்டுவருவதாக எழுதிக்கொடுத்துத்தான் வேலையை எடுத்தார். வந்தவர்கள் நான்கு பேர். அதிலும் இரண்டு பேர் தீபாவளிக்கு ஊருக்குப் போனதோடு சரி. மிச்ச வேலை பெருக்குகிற பெண்கள் தலையில் விழுந்தது. அவர்களும் கற்றுக்கொண்டார்கள். கூலி மட்டும் பழைய கூலி.

இது வெளியே தெரியக்கூடாது என்பதற்கு ஒரு ஏற்பாடு இருந்தது. கையில் ஃபைலோடு யாராவது பெல்ட் பக்கம் நடந்து வந்தால், காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் குமரவேல் ஹெல்மெட்டைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொள்வான். உடனே ஸ்பானர்கள் பெல்ட்டுக்கு அடியில் போய்விடும், கைகளுக்கு விளக்குமாறு வந்துவிடும். வந்தவர், "என்னம்மா வேலை பாக்குறீங்க?" என்று கேட்பார். "கூட்டற வேலைங்க சார்" என்பார்கள் எல்லோரும். பாயிஜா இதை வீட்டில் நடித்துக் காட்டுவாள். அவள் மாமியார் தாஜ் பீவி, "சிரிக்காதடி, அந்தப் பொய்ய சொல்லித்தான் சோறு திங்கிறோம்" என்பார்.

அன்புக்கரசியின் கணவன் சிங்காரவேலு கொத்தனார். கல்யாணமான புதிதில் அவனுடைய நாள் கூலி நூற்றைம்பது. இன்று ஆயிரத்து நூறு. கேட்கிறவர்களுக்குப் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் மாதத்தில் பன்னிரண்டு நாள் வேலை கிடைத்தால் அதிகம். வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸ், பூச்சு வேலையைச் சதுர அடிக் கணக்கில் வடக்கத்தி ஆட்களிடம் மொத்தமாக விட்டுவிடுகிறார்கள். அன்புக்கரசிக்கு அவன் கூலியில் பாதி. ஆனால் மாதம் இருபத்தாறு நாள், பி.எஃப். உண்டு, இ.எஸ்.ஐ. உண்டு. வீட்டு வாடகையும், பிளஸ் ஒன் படிக்கும் மகள் வெண்மதியின் செலவும் அதில்தான் நடக்கின்றன.

சென்ற பங்குனியில் ஓசூரிலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். அடுக்குமாடி வேலை, புருஷன் பெண்டாட்டி ஜோடியாக வந்தால் நாளுக்கு ஆயிரத்து எழுநூறு, தங்க ஷெட், குறைந்தது இரண்டு வருட வேலை என்றார். சிங்காரவேலு அன்றைக்கே மனதால் பஸ் ஏறிவிட்டான்.

"வெண்மதிய எங்க வுடறது மாமா?"

"குறிஞ்சிப்பாடில எங்கக்கா வூட்ல. ரெண்டு வருசந்தான."

"கேட் பாஸ ஒருவாட்டி குடுத்துட்டா திரும்ப வராது."

"அத வச்சிகினு என்னா பண்ணப் போற? பன்னெண்டு வருசமா வெளக்கமாறுதான். நீ சித்தாள் வேலைக்கி வந்தாகூட அதுக்கு மேல வாங்குவ."

அவளிடம் ஒரு விஷயம் மட்டும் இருந்தது. காண்ட்ராக்ட் ஏப்ரல் கடைசியில் முடிகிறது. அதற்குள் ஒரு கமிட்டி வந்து ஒவ்வொரு ஆளையும் நேரில் விசாரித்து, செய்கிற வேலையைப் பார்த்துத் தரம் எழுதப் போகிறது. அன்ஸ்கில்டுக்கு ஒரு படி மேலான 'செமி ஸ்கில்டு' என்று எழுதிவிட்டால் நாளுக்கு நூற்றுச் சொச்சம் கூடும். எழுதுவது எதுவானாலும் அடுத்த மூன்று வருடத்துக்கு அதுதான்.

"கமிட்டி வரட்டும் மாமா. தரம் ஏறலன்னா நானே துணி மூட்டயக் கட்டறேன்" என்றாள்.

"சத்தியமா?"

"சத்தியமா."

கமிட்டி வந்தது ஒரு புதன்கிழமை. மைன்ஸ் கேண்டீனை ஒட்டிய அறையில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். தொழிலாளர் துறை அதிகாரி ஒருவர், என்ஜினியர் ஒருவர், சங்கத்தின் சார்பில் அய்யனார். அய்யனார் முந்தின நாளே பெண்களைக் கூட்டி வைத்து, "செய்யிற வேலைய அப்பிடியே சொல்லுங்கம்மா, கூட்டவும் வேணாம் குறைக்கவும் வேணாம்" என்று சொல்லியிருந்தார். பாயிஜா வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே வந்தாள்.

அகரவரிசைப் பட்டியலில் முதல் பெயர் அன்புக்கரசி. பள்ளிக்கூடத்திலிருந்தே அவளுக்கு இந்தக் கஷ்டம்தான். எதிலும் முதல் ஆளாகப் போய், முன்னே போனவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வழியில்லாமல் மாட்டிக்கொள்வாள்.

உள்ளே போனாள். காண்ட்ராக்டரின் பிரதிநிதியாகக் குமரவேல் சுவரோரம் நின்றிருந்தான். சித்திரை வெயில். மின்விசிறி அவன் பக்கம் திரும்பவில்லை. அவன் ஹெல்மெட்டைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான்.

அதிகாரி நிமிராமலேயே கேட்டார். "என்னம்மா வேலை பாக்குறீங்க?"

"கூட்டற வேலைங்க சார்."

"எத்தனை வருஷமா?"

"பன்னெண்டு."

"சரி, போங்க. அடுத்தது?"

வெளியே வந்து வெயில் முகத்தில் அடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

"என்னாக்கா, அதுக்குள்ள முடிஞ்சிட்டுதா? என்னா கேட்டாங்க?" என்றாள் பாயிஜா.

"என்னா வேலன்னு கேட்டாங்க."

"நீ என்னா சொன்ன?"

அன்புக்கரசி சொன்னாள். பாயிஜா தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ அல்லாவே! இன்னிக்கிப் போயா? எங்களுக்கெல்லாம் காது குடுத்துட்டு நீ வாயத் தொலச்சிட்டியேக்கா!"

வரிசையில் நின்றவர்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "துப்புரவுக்கு ஒரு ஆளு நிரந்தரமா கெடச்சிட்டுதுடி" என்றாள் ஒருத்தி. அன்புக்கரசி கேண்டீன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அடுத்தடுத்துப் போனவர்கள் எச்சரிக்கையாகச் சொன்னார்கள். ரோலர் மாத்தறோம், போல்ட் டைட் பண்றோம், பெல்ட் ஒதுங்கினா சொல்றோம். ஒவ்வொருத்தியும் முகம் மலர்ந்து வெளியே வந்தாள்.

பாயிஜா போனவள் மட்டும் சீக்கிரம் வரவில்லை. அதிகாரி அவளிடம், எந்த ரோலரை மாற்ற வேண்டும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தார். கதவு திறந்தே இருந்ததால் அவள் பதில் வெளியே வரைக்கும் கேட்டது. "அன்புக்கரசி அக்கா காது வச்சி சொல்லும் சார். நாங்க மாத்துவோம்."

"அன்புக்கரசியா? முதல்ல வந்தவங்களா? அவங்க கூட்டுற வேலைன்னு சொன்னாங்களே."

அன்புக்கரசி எழுந்தாள். கூப்பிடாமலே உள்ளே போனாள்.

"சார், நான் சொன்னது பொய்யிங்க."

அதிகாரி பேனாவை வைத்தார். "ஏம்மா பொய் சொன்னீங்க?"

இதற்கு உண்மையைச் சொன்னால் அது குமரவேல் மேல் விழும். அவள் அவன் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றாள், முடியவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்கள மாதிரி யாராச்சும் வந்தா அப்பிடித்தான் சொல்லணும்னு எங்களுக்குச் சொல்லி வச்சிருக்காங்க சார். மூணு வருசமா சொல்லிச் சொல்லி வாய் பழகிட்டுது. நீங்க கேட்டதும் அதுவா வந்துட்டுது."

அய்யனார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எழுதிக்குங்க சார்" என்றார்.

அதிகாரி எழுதவில்லை. நாற்காலியைத் தள்ளி எழுந்தார். "நடங்க, பெல்ட்டாண்ட போவோம். செஞ்சு காட்டுங்க."

அவள் முன்னால் நடந்தாள். பின்னால் கமிட்டி, அதற்குப் பின்னால் பதினான்கு பெண்கள். பெல்ட் கரியோடு ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக வந்தவர்களுக்கு அங்கே எல்லாம் ஒரே இரைச்சல். அன்புக்கரசி தலையைச் சற்றே சாய்த்தபடி இருநூறடி தூரம் போனாள். ஓரிடத்தில் நின்று சாக்பீஸால் கோடு போட்டாள். இன்னும் கொஞ்சம் போய், திரும்பி வந்து, மறுபடி போய், இன்னொரு கோடு.

சுரங்கத்தின் பெர்மனென்ட் ஃபிட்டர் தனகோட்டி, சூடு பார்க்கும் கருவியைத் தூரத்திலிருந்தே நீட்டினார். பக்கத்து ரோலர்களெல்லாம் நாற்பது சொச்சம் காட்ட, முதல் கோட்டுக்கு நேரே இருந்தது எண்பத்தாறு காட்டியது. இரண்டாவதில் நாற்பத்திரண்டுதான்.

"ரெண்டாவது நல்லாத்தானேம்மா இருக்கு" என்றார் என்ஜினியர்.

"சூடு அப்பறமாத்தான் வரும் சார். சத்தம் இன்னிக்கே வந்துட்டுது."

என்ஜினியர் குனிந்து காது கொடுத்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. தனகோட்டி, "அந்தம்மா சொன்னா சரியா இருக்கும் சார்" என்றார், கேள்வி தன்னிடம் கேட்கப்பட்டது போல.

திரும்பி வந்ததும் இன்னொரு சிக்கல். முதல் பதிவு ஏற்கெனவே மையில் எழுதியாகிவிட்டது. அதை அடித்துத் திருத்த வேண்டுமானால், இவள் இந்த வேலையைத்தான் செய்து வந்தாள் என்று காண்ட்ராக்டர் தரப்பில் கையெழுத்து வேண்டும் என்றார் அதிகாரி. மற்றவர்களுக்கு அவர்கள் வாய்மொழி போதும். இவளுக்குப் போதாது, இவளே மாற்றிச் சொன்னவள். எல்லோரும் குமரவேலைப் பார்த்தார்கள்.

குமரவேலுக்கு முப்பத்தைந்து வயது. டிப்ளமா படித்தவன். மாதம் பதினெட்டாயிரம், பி.எஃப். கிடையாது. தரம் எழுதுகிற பட்டியலில் அவன் பெயரே இல்லை. முதலாளிக்குப் போன் போட்டுக்கொண்டு வெளியே போனான். அன்புக்கரசியும் பின்னாலேயே போனாள்.

"ஏங்க்கா, என் சோத்துல மண்ணப் போட்டுட்டு இப்ப கையெழுத்து வேற கேக்குறியா?"

"நான் கேக்கல சார். அவங்க கேக்குறாங்க."

"போட்டா முதலாளி என்னத் தூக்கிடுவாரு."

"போடலன்னா வெச்சிக்குவாரா? மாசக் கடைசியில காண்ட்ராக்டே முடியுது. அவரே இருக்கப் போறதில்ல."

அவன் மூன்று முறை அடித்துப் பார்த்தான். முதலாளி எடுக்கவில்லை. நான்காவது முறை அடிக்கப் போனவன் நிறுத்திக்கொண்டான்.

"இத்தினி பேர்ல நான் சொல்லிக் குடுத்தத ஒழுங்கா சொன்ன ஒரே ஆளு நீதான்க்கா" என்றான். உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டான்.

மே மாதம் புதுக் காண்ட்ராக்டர் வந்தார். பதினைந்து பெண்களும் செமி ஸ்கில்டு ஆனார்கள். கடந்துபோன வருடங்களின் கூலி வித்தியாசத்தைப் பற்றி அய்யனார் ஒரு மனு எழுதியிருக்கிறார். அது எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. புதுக் காண்ட்ராக்டர் தன் ஆளையே சூப்பர்வைசராகக் கூட்டி வந்ததால் குமரவேலுக்கு இடம் இல்லை. ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு, கடலூரில் ஒரு பாலம் கட்டுகிற கம்பெனியில் சேர்ந்தான். அங்கே இரண்டாயிரம் கூட.

கமிட்டி வந்த அந்தப் புதன்கிழமை சாயங்காலமே அன்புக்கரசி வீட்டில் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். சிங்காரவேலு வெறும் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"மாசத்துக்கு எவ்ளோ கூட வரும்?"

"மூவாயிரத்துக்குப் பக்கமா வரும்."

"மேஸ்திரி தர்றதுல அது ரெண்டு நாள் கூலிதான்."

"தெரியும் மாமா."

"தெரிஞ்சுமா?"

"அங்க நான் உன் கூட வந்த சித்தாளு. இங்க, நான் ஒரு நாள் லீவு போட்டா அந்தப் பெல்டு பக்கம் தேடுவாங்க." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "நீ போயிட்டு வா. இங்க பன்னெண்டு நாள் வேலைய நம்பி உன்னையும் உக்கார வைக்க முடியாது."

அவன் கோபித்துக்கொள்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் மேஸ்திரிக்குப் போன் செய்து, தனி ஆளுக்கு என்ன கூலி என்று விசாரித்தான். ஆயிரத்து நூற்றைம்பது என்றார்கள். ஆயிரத்து இருநூறாகக் கேட்டுப் பார்த்து, கடைசியில் அவர்கள் சொன்னதற்கே ஒத்துக்கொண்டான்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஏழு மணி பஸ். கரணை, மட்டக்கோல், தூக்குக்குண்டு எல்லாவற்றையும் வெண்மதிதான் சாக்குப் பையில் கட்டிக்கொடுத்து, மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாண்டில் அப்பாவை ஏற்றிவிட்டு, பள்ளிக்கூடத்து ஸ்பெஷல் கிளாஸுக்குப் போனாள். அன்புக்கரசிக்கு முதல் ஷிப்ட். ஆறு மணிக்கே உள்ளே போய்விட்டாள்.