பக்கத்தில் நிற்கிற வேலை

என் மனைவியின் வேலை என்னவென்று மதினிக்கு, அதாவது என் அண்ணன் மனைவிக்கு, வெகுநாள் பிடிபடவே இல்லை. ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார்.

"அவளுக்கு அங்க என்ன சோலியாக்கும்?"

"ஒரு வக்கீலம்மா பக்கத்துல நிக்கணும் மதினி."

"நின்னு?"

"நிக்கணும், அவ்வளவுதான்."

"சும்மா நிக்கதுக்கா இம்புட்டுத் தூரம் போறா? நம்ம சாலை மார்க்கெட் கடையில வந்து நிக்கலாம்லா!"

மதினியைக் குறை சொல்ல முடியாது. என் மனைவி வேலை பார்க்கிற நாட்டில் ராணுவம் பிடித்துக்கொண்டு போய்த் திரும்பி வராதவர்களுக்காக அந்த வக்கீலம்மா வழக்காடுகிறார். கொன்றுவிடுவோம் என்று மிரட்டல் வராத வாரம் கிடையாது. வெளிநாட்டுக்காரி ஒருத்தி பளிச்சென்று ஆரஞ்சு மேல்சட்டை போட்டுக்கொண்டு கூடவே நடந்தால், சுட நினைப்பவன் கொஞ்சம் யோசிப்பான் என்பது ஏற்பாடு. அந்தக் 'கொஞ்சம்' யோசிப்பதை நம்பித்தான் என் மனைவி தினமும் வீட்டிலிருந்து கோர்ட்டுக்கும், கோர்ட்டிலிருந்து வீட்டுக்கும் அவரோடு நடக்கிறாள்.

நானோ கழக்கூட்டம் என்கிற ஊரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவன். வீட்டைப் பூட்டிக்கொண்டு லிஃப்ட் வரை போய்விட்டு, சிலிண்டரை மூடினோமா என்று திரும்பி வருவேன். மறுபடி லிஃப்ட், மறுபடி சிலிண்டர். எங்களுக்குப் பொருத்தம் பார்த்த ஜோசியர் கையில் கிடைத்தால் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும்.

போன விடுமுறைக்கு அவள் வந்திருந்தபோது பொன்முடி மலைக்குக் காரில் கிளம்பினோம். அடிவாரத்தில், கல்லாறு என்கிற ஊரில் சாயா குடிக்க நிறுத்தினோம். கடைக்குள் போனதும் அவள் சுவரில் சாய்ந்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். எங்கே போனாலும் அப்படித்தான்.

"பழம்பொரி கொண்டு வாறவர் மேலயும் சந்தேகமாக்கும்?" என்று சீண்டினேன். சிரித்தாள். அப்போதுதான் போன் வந்தது, வக்கீலம்மாவிடமிருந்து.

விசாரணையை முன்கூட்டி அடுத்த வாரத்திலேயே வைத்துவிட்டார்களாம். இவளுக்குப் பதிலாகப் போக வேண்டியவருக்கு விசா கொடுக்கவில்லையாம். அவள் போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"லீவு தீரல்லியே. போவாண்டாம்," என்றேன்.

"அத நீங்களே சொல்லுங்க," என்று போனை என் கையில் கொடுத்துவிட்டாள்.

எனக்குத் தெரிந்த ஆபீஸ் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். தேதியைத் தள்ளிப்போடச் சொல்லலாமே, உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுக்கலாமே. தணிக்கைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்கிற அதே சாக்குகள்தான். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சிலிண்டரை மூடிவிட்டுத்தானே கிளம்பினீர்கள்?" என்றார். என் மானம் கப்பலேறி அந்த நாடுவரை போயிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

நான் அசடு வழிந்துகொண்டிருக்கும்போதே அதே குரலில் சொன்னார்: "அவளை அனுப்பாதீர்கள், ஓய்வெடுக்கட்டும். நான் தனியாகப் போய்க்கொள்வேன். முன்பும் போயிருக்கிறேன். பிள்ளைகளைத் தேடுகிற தாய்மார்கள் கோர்ட் வாசலில் வந்து காத்திருப்பார்கள். நான் போகாமல் இருக்க முடியாது."

கெஞ்சியிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அந்த அம்மா கெஞ்சவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பொன்முடி ஏறாமலே காரைத் திருப்பினேன். வீட்டுக்கு வந்ததும் டிக்கெட்டை நானே போட்டேன். ஜன்னலோர சீட், சைவச் சாப்பாடு.

விசாரணை நாளன்று ஆபீஸில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மதினி வேறு திரும்பத் திரும்பப் போன் செய்தார். "கூடவே நிக்காளாமா? ஒண்ணும் ஆகல்லியே?"

சாயங்காலம் கேன்டீன் வரிசையில் நிற்கும்போது மனைவியிடமிருந்து செய்தி வந்தது. "ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்தாச்சு. வக்கீலம்மா சிலிண்டர் மூடியிருக்கான்னு ரெண்டு தடவ போய்ப் பாத்தாங்க. உங்ககிட்ட மறக்காமச் சொல்லச் சொன்னாங்க."

வரிசையில் நின்றபடியே அழுதுவிட்டேன். பின்னால் நின்றவர் என்னைத் தாண்டிப் போய்ச் சாயா வாங்கிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மதினிக்குப் போன் போட்டேன்.

"வீட்டுக்கு வந்துட்டாங்களாம் மதினி."

"பின்ன? அவ பக்கத்துல நின்னாள்லா!" என்றார் மதினி.