கதிரவேலு அண்ணையின் காது

இணுவிலில் எங்கள் வாசிகசாலைக்குப் பின்னால் ஒரு பூவரசு நிற்கிறது. அதன் கீழே வாசிகசாலையின் மேசை கதிரையைப் போட்டுப் பின்னேரம் முழுக்கச் சீட்டாட்டம். விளையாட்டு முந்நூற்றிநாலு. காசு கிடையாது. எதிரெதிரே இருக்கிற இரண்டு பேர் ஒரு கூட்டு. தோற்ற கூட்டில் இருவருமே பூவரசம் இலையைக் காம்போடு காதில் செருகிக்கொண்டுதான் அடுத்த ஆட்டம் ஆடவேண்டும். ரோட்டால் போகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். அதுதான் தண்டனை.

கதிரவேலு அண்ணை லொறி ஓடிய மனிதர். பெண்சாதி செத்து எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்த மறுநாளே சீட்டுக்கு வந்தவர். மற்றவனுக்கு இலை செருகும்போது காதையும் ஒரு முறுக்கு முறுக்கிவிடுவார். ஆகவே அவருடைய கண் மங்கியபோது இங்கே ஒருவரும் அழவில்லை.

கறுப்புச் சீட்டில் ஸ்கோப்பன் எது, கலாவரை எது என்று அவருக்குத் தெரியாமல் போயிற்று. மாறி மாறிப் போட்டார். அவருடைய கூட்டாளி கிறிஸ்ரோபர் நாளும் பொழுதும் இலையோடு திரிந்தார்.

“ஆடு வந்து என்ரை காதைத் தின்னப்போகுது. ஆளை நிப்பாட்டுவம்,” என்றார்.

அந்த நேரம் பார்த்து வாசிகசாலைச் செயலாளர் சிவதர்ஷன், முதியோரை அரவணைக்கும் கிராமம் என்று யாழ்ப்பாணத்தில் நடந்த கூட்டத்துக்குப் போய்வந்தான். படிக்கட்டுக்குக் கைபிடி பூட்டினான். அதோடு நின்றிருக்கலாம்.

“பெரியாக்களை ஒதுக்கேலாது. கதிரவேலு ஐயா இல்லாட்டி மேசை கதிரை வெளியிலை வராது,” என்று சொல்லிவிட்டான்.

சேர்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அண்ணை எதைப் போட்டாலும் அது சரியான சீட்டு. எதிர்க்கூட்டில் இருந்த ஜெயசுதனும் எமில்ராஜும் ஒவ்வொரு நாளும் தோற்றார்கள். மரத்தில் ஒரு இலையைச் சடக்கென்று பிடுங்குவார்கள், கீழே போடுவார்கள்.

“இந்தா செருகியாச்சு. காது நோகுது அண்ணை,” என்பான் ஜெயசுதன், வெறும் காதைத் தடவிக்கொண்டு. மற்றவர்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். அண்ணை வீட்டுக்குப் போய் மகள் கஜந்தினிக்கு வென்ற கதை சொல்லுவார். அவள் அதைக் கேட்டுக்கொண்டு இரண்டு இடியப்பம் கூடப் போடுவாளாம்.

ஆனால் மனிதர் லொறிக்காரர். தொடர்ந்து இறக்கமாகவே இருக்கிற ரோட்டை நம்பமாட்டார். ஒருநாள் மருந்துப் பெட்டி மட்டையைச் சீட்டளவுக்கு வெட்டிக் கையோடு கொண்டுவந்தார். முக்கியமான பிடியில் அதை மேசையில் ஓங்கி அடித்தார்.

“அப்பிடிப் போடுங்கோ. துரும்பாலை வெட்டிப்போட்டியள்,” என்றார் கிறிஸ்ரோபர்.

“நான் போட்டது பிரஷர்க் குளிசைப் பெட்டி,” என்றார் அண்ணை.

அண்ணை எட்டி ஜெயசுதனின் காதைத் தடவிப் பார்த்தார். பிறகு எமில்ராஜின் காதை.

“இப்ப உண்மையா ஒரு ஆட்டம் போடுங்கோ. தோத்தா எனக்கு இலை செருகுங்கோ. காதையும் முறுக்குங்கோ.”

ஜெயசுதன் முறுக்க ஆயத்தம்தான். கிறிஸ்ரோபர்தான் சீட்டைக் கீழே வைத்தார்.

“அண்ணை, நீங்கள் தோத்தா எனக்குமெல்லே இலை. உங்களோடை பொய்க்கெண்டா விளையாடுவன். உண்மைக்கு ஏலாது.”

“நீ வாறியோ என்ரை கூட்டுக்கு?” என்று அண்ணை எமில்ராஜைக் கேட்டார். எமில்ராஜ் சீட்டைக் குலுக்கினான். ஜெயசுதன் மரத்தைப் பார்த்தான்.

சிவதர்ஷன் ஓடிவந்தான். “ஐயா, உங்களுக்கெண்டே கைபிடி வைச்ச கதிரை வாங்கினனான். இதிலை சாய்ஞ்சிருந்து ஆட்டத்தைப் பாருங்கோ.”

கண் தெரியாத மனிதரைப் பார்க்கச் சொன்னான். பிறகு நாலாவது இடத்தில் தானே குந்தினான். அண்ணை கதிரையில் இருந்தார். தலைக்கு மேலே கையை நீட்டி, தடவி, ஒரு இலையைப் பிடுங்கிக் காதில் தானே செருகிக்கொண்டார். ஆட்டம் சூடு பிடித்திருந்தது. ஒருவரும் காணவில்லை.

பொழுதுபட கஜந்தினி ஸ்கூட்டியில் வந்தாள்.

“இண்டைக்கும் வெண்டாச்சோ அப்பா?”

“ஓம்,” என்றார், கையால் காதைப் பொத்திக்கொண்டு.