தொறந்துதான இருக்கு

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். திருப்பூர், சூரத், பிறகு கொச்சி என்று சுற்றிவிட்டுத் தூத்துக்குடிக்கு வந்து உப்பளத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றினேன். கொச்சியில் பழைய சாமான் கடையில் வாங்கிய டிஜிட்டல் கேமரா ஒன்று கூடவே வந்தது. உப்புக்காற்றில் அதன் பட்டன் துருவேறி, சில நேரம் அழுத்தினால் மேலே வராது. நகத்தால் நெம்பிவிட வேண்டும். லாரி வராத நேரத்தில் படம் எடுப்பேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. சும்மா இருந்தால் வேறு ஊருக்குப் போகத் தோன்றும்; கேமரா இருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

அளத்தில் எங்கும் வெள்ளை. கேமரா அதைக் கூடுதல் வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டு படத்தை இருட்டாக்கிவிடும். உப்பு சாம்பலாக வரும், ஆள் கரியாக வருவார். நாமாகவே வெளிச்சத்தைக் கூட்டி வைக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கோடை முழுக்க ஆனது.

அங்கே உப்பு சுமக்கும் ஒரு அக்கா என்னிடம் படம் கேட்டார். காலில் உப்புப் புண் ஆறாமல் இருந்தது. அளத்தை விட்டால்தான் கால் மிஞ்சும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். இறால் கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். அங்கே முழங்கால் வரை பூட்ஸ் கொடுப்பார்களாம். அடையாள அட்டைக்கு ஒரு படம் மட்டும் பாக்கி. ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்டு போனதை, கண் மூடியிருக்கிறது என்று கம்பெனியில் திருப்பிவிட்டார்கள்.

ஓலைக் கொட்டகையின் நிழலில் அவரை நிற்க வைத்தேன்.

"யக்கா, கண்ணத் தொறங்க."

"தொறந்துதான இருக்கு."

"இன்னும் கொஞ்சம்."

"இதுக்கு மேல தொறந்தா முழி வெளிய வந்து விழுந்துரும்லே."

தலையில் உப்புச் சட்டியோடு போன இன்னொருத்தி நின்றாள். "ஏலே, அவ கல்யாண போட்டோலயும் இப்படித்தான். மாப்பிள்ள மூஞ்சியப் பாக்காமலே கழுத்த நீட்டிட்டா."

"பாத்திருந்தா ஏன்ளா நீட்டுதேன்?" என்றார் அக்கா.

இருவரும் சிரித்தார்கள். சிரித்ததில் கண் இன்னும் சுருங்கியது.

அவர் பொய் சொல்லவில்லை. வருஷக்கணக்காக வெள்ளையைப் பார்த்த கண் பாதி மூடியே நிற்கும். அளத்து ஆட்களுக்கு அதுதான் திறந்த கண். அன்று சாயங்காலம் என் முகத்தை நானே எடுத்துப் பார்த்தேன். எனக்கும் தொடங்கியிருந்தது.

அதன் பிறகும் இரண்டு மூன்று தடவை முயன்றோம். சரிவரவில்லை. படம் கொடுக்கக் கடைசி நாள் மறுநாள் என்றிருந்தபோது, மத்தியானத்தில் கடல் பக்கமிருந்து மேகம் ஏறியது. பாத்திகள் எல்லாம் ஈயம் மாதிரி ஆயின. குவித்த உப்பு இன்னும் மூடப்படாமல் கிடந்தது. மழை விழுந்தால் கரைந்து ஓடிவிடும். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். அக்காவும் பார்த்தார். அவர் கண் முழுசாகத் திறந்திருந்தது. அவருக்குக் கருவிழி அவ்வளவு பெரியது என்று அப்போதுதான் தெரிந்தது.

"யக்கா!" என்று கத்தினேன். திரும்பினார். அழுத்தினேன். பட்டன் உள்ளேயே மாட்டிக்கொண்டது. ஒரே படம்தான். அதற்குள் தூறல் விழ, தார்ப்பாயை இழுத்துக்கொண்டு எல்லாரும் ஓடினோம்.

நனைந்த பிறகு காட்டினேன். "யாருலே இது? பேயக் கண்டவ மாதிரி முழிக்கா" என்றார்.

"நீங்கதான்."

மறுநாள் காலையில் பிரிண்ட் போட்டுக் கொடுத்ததையும் நம்பாமல்தான் வாங்கிக்கொண்டு போனார். கம்பெனியில் ஒத்துக்கொண்டார்கள்.

மழைக்காலத்தில் அளத்தில் வேலை கிடையாது. நான் திருச்செந்தூரில் ஒரு லாட்ஜில் தண்ணீர் சுமந்துவிட்டுத் தை கழிந்து திரும்பினேன். பஸ் நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்தேன். கால் ஆறிவிட்டிருந்தது. செருப்புப் போட்டிருந்தார்.

"நல்லா எடுத்துத் தந்தலே போட்டோ!" என்று ஆரம்பித்தார். "காலைல வெயில்ல நடந்துபோயி அட்டையக் காட்டுதேன். வாட்ச்மேன் என்னையும் பாக்கான், அட்டையயும் பாக்கான். 'இது நீங்க இல்லம்மா, யாரு அட்டையத் தூக்கிட்டு வந்திய?'ங்கான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கம்பெனி கேட் நிழல்ல ஒதுங்கி நின்னு, அந்தப் போட்டோல உள்ளபடியே முழிப்பேன். தெனமும். அவன் தலைய ஆட்டுனப் பொறவுதான் உள்ள போவணும். ஒருநாள் அவனே பயந்துட்டான்."

சிரித்தார். பிறகு, "சின்னக் கண்ணோட ஒண்ணு எடுத்துத் தாயேன்" என்றார்.

"அத ஆபீஸ்ல வாங்க மாட்டாவ யக்கா."

"அதுவும் சரிதான்."

பஸ் இன்னும் வரவில்லை. அவருக்காக இல்லாவிட்டாலும் எனக்காக ஒன்று எடுக்கலாம் என்று கேமராவைத் தூக்கினேன். லென்ஸைப் பார்த்ததும் அவர் வாட்ச்மேன் முன்னால் நிற்பதுபோல விறைப்பாக நின்று, உச்சி வெயிலில் கண்ணை அகலத் திறந்தார். தண்ணீர் வழிந்தது. துடைக்காமல் அப்படியே நின்றார்.

"எடுத்தாச்சாலே?" என்றார்.