கடைசி ஸ்லைடில் இல்லாத பெயர்

தொற்றுநோயியல் படிக்கச் சேர்ந்த முதல் வருடம், மாநில எல்லையோரம் இருக்கும் ஜூஜுவாடியில் ஒரு பெண்கள் விடுதிக்கு என்னை அனுப்பினார்கள். தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்கள் தங்கும் இடம். பெரும்பாலும் திருநெல்வேலி, விருதுநகர்ப் பக்கத்துப் பெண்கள். பாதிப் பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. கேள்வித்தாளோடு அறை அறையாகப் போனேன். உதவிக்கு வார்டனும் கூடவே வந்தார். எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்ற கேள்விக்கு எல்லோரிடமும் ஒரே பதில்: "கேன் தண்ணிதான் மேடம்." கேன் தண்ணீரைச் சோதித்தோம். சுத்தமாக இருந்தது.

மூன்றாம் நாள் மாடிப்படியில் உட்கார்ந்து தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். விடுதியைக் கூட்டித் துடைக்கும் அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுபவர். உத்தனப்பள்ளியிலிருந்து பஸ்ஸில் வருவார்.

"மேடம், வார்டனம்மா பக்கத்துலயே நின்னா எந்தப் பொண்ணு நெஜம் சொல்லும்?"

"என்னம்மா நெஜம்?"

"செகண்ட் ஷிப்ட் முடிஞ்சு வர்றப்போ கேன் காலியா இருக்கும். பின்னாடி கொழாயிலதான் பாட்டில்ல புடிச்சிக்குவாங்க. அதுல குடிக்கக் கூடாதுன்னு ரூல். சொன்னா திட்டு விழும்ல?"

மறுநாள் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கே போய், வார்டன் இல்லாமல், அதே பெண்களிடம் அதே கேள்வியைக் கேட்டேன். பதில்கள் மாறின. அந்தக் குழாய்க்குத் தண்ணீர் வரும் தரைத்தொட்டியில் விரிசல். பக்கத்துச் சாக்கடை உள்ளே கசிந்துகொண்டிருந்தது. தொட்டியை மூடி, லாரித் தண்ணீர் வரவழைத்த பிறகு புதிதாக யாருக்கும் நோய் வரவில்லை.

அந்த ஆய்வைப் பற்றி மறுவருடம் பாங்காக்கில் ஒரு சர்வதேச மாநாட்டில் பேச வாய்ப்பு வந்தது. அதுதான் என் முதல் விமானப் பயணம். மேடையில் ஆங்கிலம் தடுமாறியது. எப்படியோ பேசி முடித்தேன். முன்வரிசையிலிருந்து கென்யாவின் மருத்துவர் ஒருவர் எழுந்து, ஒரே கேள்வியை ஏன் இரண்டு முறை கேட்டீர்கள் என்றார். சமாளித்திருக்கலாம். முதல் முறை நான் கேட்ட விதமே தப்பு, துப்புரவு வேலை செய்யும் ஓர் அம்மாதான் அதைத் திருத்தினார் என்று சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்தார். "எனக்கும் அப்படி ஒருவர் உண்டு. ஆனால் நன்றி சொல்லும் கடைசி ஸ்லைடில் அவர் பெயரைக் காணோமே?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அதிகாரிகள், ஆய்வகத்தார், வார்டன் எல்லோரும் அதில் இருந்தார்கள். அந்த அம்மாவின் பெயரை நான் கேட்கவே இல்லை.

ஊர் திரும்பிய வாரமே விடுதிக்குப் போனேன். அவர் மொட்டைமாடியில் போர்வைகளை உலர்த்திக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அவ்ளோ தூரம் போய் என் பேச்சையா சொன்னீங்க?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பெயரைச் சொன்னார். நான் எழுதிக்கொண்ட பெயரை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, "கடைசியில 'அம்மா' சேருங்க மேடம், அப்பதான் அது நானு" என்றார்.

சேர்த்தேன். அறிக்கையின் இறுதிப் பிரதியில், நன்றிப் பக்கத்தில், அந்தப் பெயர்தான் முதலில் இருக்கிறது. அந்த நன்றியைச் சொல்ல நான் ஒரு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டேன். அன்று மொட்டைமாடியில் அதை நேரில் சொன்னபோது அவர் கேட்டுக்கொண்டு, மிச்சமிருந்த போர்வையின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார்.